அறைக்கு ஒரு ஸ்பீக்கர் வைத்தும் சொன்னபடி பாடவில்லையா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

எங்கள் வீட்டில் கீழே ஹால், சமையலறை, அம்மாவின் அறை, மாடியில் இரண்டு அறை என்று மொத்தம் ஐந்து எக்கோ டாட் இருக்கிறது. வாயால் சொன்னால் பாடும் அமேசானின் அலெக்ஸா ஸ்பீக்கர் அது. தங்கை வீட்டில் அதே போன்ற கூகுள் நெஸ்ட் மினி மூன்று. இந்த எட்டில் எது முரண்டு பிடித்தாலும் போன் எனக்குத்தான் வரும். அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் வலி. எழுந்து போய்ப் பட்டனை அமுக்குவது அவருக்குச் சிரமம் என்பதால்தான் இதையெல்லாம் வாங்கிப் பொருத்தினேன். நாலு தடவை கூப்பிட்டும் பாட்டு நிற்கவில்லை என்றால் வாங்கிய நோக்கமே வீணாகிறது. அதனால் ஒவ்வொரு முறை சரிசெய்தபோதும் என்ன கோளாறு, எதனால் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை. ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், பணம் கேட்கும் காரணம் கடைசியில் வரும்.

## எதையும் தொடுவதற்கு முன்

ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். எல்லோரும் முதலில் செய்வது அதுதான். அதைச் செய்தால் வைஃபை, பெயர், அறை, குழு (சேர்ந்து பாட ஒன்றாக இணைத்த ஸ்பீக்கர்கள்) எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டிவரும், பழைய கோளாறோ அப்படியே இருக்கும். நான் இதுவரை பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை ரவுட்டரிலோ, நாம் வைத்த பெயர்களிலோதான் இருந்தன. ஸ்பீக்கரே கெட்டுப்போனது மிக அரிது.

அடுத்து, அது என்ன கேட்டது என்று பாருங்கள். அலெக்ஸா ஆப்பில் 'மோர்', 'ஆக்டிவிட்டி', 'வாய்ஸ் ஹிஸ்டரி' என்று போனால், எந்த ஸ்பீக்கர் எத்தனை மணிக்கு என்ன வார்த்தையைக் கேட்டது என்பது எழுத்தாக இருக்கும். கூகுளில் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்தில் அதே விவரம் கிடைக்கும். இதைத் திறந்து பார்த்துவிட்டால் கோளாறு மூன்றாகப் பிரிந்துவிடும்:

- நீங்கள் சொன்னது பதிவாகவே இல்லை என்றால், மைக் பக்கம் பாருங்கள்.
- தப்பாகப் பதிவாகியிருந்தால், பெயர் அல்லது உச்சரிப்பு.
- சரியாகப் பதிவாகியும் பாட்டு வரவில்லை என்றால், வைஃபை அல்லது பாட்டுச் சந்தா.

## அறிகுறி: சமையலறையில் கூப்பிட்டால் மாடியில் இருப்பது பதில் சொல்கிறது

என் நோட்டில் அதிக இடம் பிடித்தது இதுதான்.

ஒரு காலை அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு கூப்பிடுகிறார். இரண்டடி தள்ளி மிக்சிக்குப் பக்கத்தில் இருக்கும் டாட்டில் நீல வளையம் ஒரு நொடி எரிந்து அணைகிறது. மாடிப்படி வழியாக மேலே இருந்து பதில் வருகிறது, பாட்டும் மேலேயே ஓடுகிறது. அம்மா படிக்கட்டைப் பார்த்து 'ஸ்டாப்' என்கிறார். இப்போது கீழே இருப்பது அதைக் கேட்டுக்கொள்கிறது. தான் எதையும் பாடவில்லை என்பதால் அது சும்மா இருந்துவிடுகிறது. மேலே பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒரே வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் ஒரே அழைப்பைக் கேட்டால், எதற்குத் தெளிவாகக் கேட்டதோ அதுதான் பதில் சொல்லும். பக்கத்தில் இருப்பதற்குத் தெளிவாகக் கேட்காமல் போனதற்குக் காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்.

மைக் அணைந்திருக்கிறதா? எக்கோவில் சிவப்பு வளையம் எரிந்தால் மைக் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். நெஸ்ட் மினியில் ஆரஞ்சு விளக்குகள் எரியும், பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஸ்விட்சைத் தள்ளினால் சரியாகிவிடும். துடைக்கும்போது கை பட்டு அணைவது சகஜம்.

வைத்திருக்கும் இடம். மின்விசிறிக்கு நேர் கீழே, மிக்சிக்குப் பக்கத்தில், சுவர் மூலையில், எவர்சில்வர் பாத்திர அடுக்குக்கு முன்னால் வைத்திருந்தால் மாற்றுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, வாய் மட்டத்துக்கு வருகிற அலமாரித் தட்டில் வைத்தால் போதும். எங்கள் சமையலறை டாட்டை மிக்சி மேடையிலிருந்து எதிர்ச் சுவர் அலமாரிக்கு மாற்றினேன். இந்தத் தொல்லையில் பாதி அன்றே தீர்ந்தது.

மைக் துளையில் எண்ணெய்ப் பிசுக்கு. சமையலறையில் ஆறு மாதம் இருந்தாலே படியும். பிளக்கைக் கழற்றிவிட்டு, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மேலாகத் தட்டிவிடுங்கள். ஈரத்துணியை அழுத்தித் தேய்க்காதீர்கள், பிசுக்கு உள்ளே போய்விடும்.

அழைப்புச் சொல்லை மாற்றுவது. இதற்கும் அசையவில்லை என்றால் மாடியில் இருப்பதற்கு வேறு அழைப்புச் சொல் வையுங்கள். அலெக்ஸாவில் 'எக்கோ', 'அமேசான்', 'கம்ப்யூட்டர்' போன்ற சொற்களிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். எங்கள் வீட்டில் கீழே எல்லாம் 'அலெக்ஸா', மேலே எல்லாம் 'எக்கோ'. அதற்கப்புறம் இந்தப் புகார் வரவே இல்லை. கூகுளில் இப்படிப் பிரித்து வைக்க வழியில்லை. அதற்குப் பதிலாக கூகுள் ஹோம் ஆப்பில் 'ஹே கூகுள்' சென்சிடிவிட்டியை ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகக் கூட்டவோ குறைக்கவோ முடியும். தூரத்தில் இருப்பதற்குக் குறைத்து, சமையலறையில் இருப்பதற்குக் கூட்டுங்கள்.

### கிளை: பதில் சரியான அறையில் வருகிறது, பாட்டு மட்டும் வேறு அறையில் ஓடுகிறது

இது வேறு கோளாறு, மைக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அலெக்ஸா ஆப்பில் ஒவ்வொரு அறைக்கும் 'ப்ரிஃபர்டு ஸ்பீக்கர்' என்று ஒன்று இருக்கும். சமையலறை டாட்டைத் தெரியாமல் ஹால் அறைக்குள் சேர்த்திருந்தால், அதனிடம் கேட்கும் பாட்டு ஹாலில் ஓடும். கூகுளில் அதே வேலையைச் செய்வது 'டிஃபால்ட் மியூசிக் ஸ்பீக்கர்'. இரண்டிலும் அந்தந்த ஸ்பீக்கரையே தேர்ந்தெடுத்துவிட்டால் முடிந்தது.

## அறிகுறி: எல்லா அறையிலும் போடச் சொன்னால் ஓர் அறை மட்டும் மௌனம்

முதலில் அந்த ஒரு ஸ்பீக்கரிடம் மட்டும் நேரம் கேளுங்கள்.

### கிளை: நேரம் சொல்கிறது

அப்படியென்றால் இணையம் இருக்கிறது. இந்த நான்கையும் வரிசையாகப் பாருங்கள்.

ப்ளூடூத். இதைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. எக்கோவை ப்ளூடூத் வழியாகப் பெரிய ஸ்பீக்கரோடு இணைத்திருந்தால் அது பல அறைப் பாட்டில் சேராது. ஐந்தாம் தலைமுறை எக்கோ டாட்டிலும் எக்கோ பாப்பிலும் 3.5 மி.மீ. ஆக்ஸ் துளை (கேபிள் வழியாக வேறு ஸ்பீக்கரை இணைக்கும் துளை) கிடையாது. அதனால் ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் ப்ளூடூத்தில் இணைத்துவிட்டு, குழுப் பாட்டு ஏன் வரவில்லை என்று தேடுகிறார்கள். 'அலெக்ஸா, டிஸ்கனெக்ட் ப்ளூடூத்' என்று சொல்லிவிட்டு மறுபடி குழுவில் போட்டுப் பாருங்கள். வந்துவிட்டால் காரணம் இதுதான். பெரிய ஸ்பீக்கரும் வேண்டும், குழுவும் வேண்டும் என்றால் ஆக்ஸ் துளை உள்ள மாடல்தான் வழி. மூன்றாம், நான்காம் தலைமுறை டாட்டில் அது உண்டு.

அப்புறம், அந்த ஸ்பீக்கர் குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வாங்கியது நாம் அமைத்த குழுவில் தானாகச் சேராது. குழுவைத் திறந்து டிக் போட வேண்டும்.

ஒரே கணக்கில் இருக்கிறதா? அண்ணன் கணக்கில் ஒன்று, உங்கள் கணக்கில் நாலு என்றிருந்தால் ஒரே அலெக்ஸா குழுவில் சேராது. எக்கோவையும் நெஸ்டையும் கலந்து ஒரே குழு அமைக்கவும் முடியாது.

ஒரே நெட்வொர்க்கில் இருக்கிறதா? இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மாடியில் சிக்னல் இல்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி, நெட்காரர் வைத்த பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து மாட்டியிருப்பீர்கள். போனில் நெட் நன்றாகவே வரும். ஆனால் அந்த இரண்டாவது ரவுட்டர் தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை உருவாக்கியிருக்கும். கீழே நின்று போனில் வைஃபை விவரத்தில் ஐ.பி. முகவரியைப் பாருங்கள், மேலே போய் மறுபடி பாருங்கள். கீழே 192.168.1 என்றும் மேலே 192.168.0 என்றும் தொடங்கினால் இரண்டும் வேறு வேறு நெட்வொர்க். மேலே இருக்கும் ஸ்பீக்கருக்கும் கீழே இருப்பதற்கும் ஒன்றையொன்று தெரியாது. மேல் ரவுட்டரின் செட்டிங்ஸில் 'ஆக்சஸ் பாயின்ட் மோடு' (தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபை மட்டும் தருவது) என்று மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும், பைசா செலவில்லை. தங்கை வீட்டில் மூன்று மாதம் இழுத்த தொல்லை இந்த ஒரே மாற்றத்தில் தீர்ந்தது.

கெஸ்ட் வைஃபையில் ஸ்பீக்கரை இணைத்திருந்தாலும், ரவுட்டரில் 'ஏ.பி. ஐசொலேஷன்' (ஒரே வைஃபையில் இருப்பவை ஒன்றையொன்று பார்க்க விடாத செட்டிங்) இயங்கிக்கொண்டிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

### கிளை: நேரமும் சொல்லவில்லை

வைஃபையில் இணையவே இல்லை. பிளக்கைக் கழற்றி அரை நிமிடம் விட்டு மாட்டுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் போனை அந்த ஸ்பீக்கருக்கு ஒட்டி வைத்து, ஏதாவது ஒரு வைஃபை அனலைசர் ஆப்பில் சிக்னலைப் பாருங்கள். மைனஸ் 67 வரை இருந்தால் நல்லது. மைனஸ் 75, 80 என்று போனால் அந்த இடத்துக்கு வைஃபை எட்டவில்லை. பாஸ்வேர்டையோ ரவுட்டரையோ சமீபத்தில் மாற்றியிருந்தால், புதிய ரவுட்டரில் வைஃபை பாதுகாப்பு வகை டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ஸ்பீக்கர்கள் அதில் சேராது, டபிள்யூ.பி.ஏ.2 தேவை.

## அறிகுறி: ஓர் அறையில் முன்னால், இன்னோர் அறையில் பின்னால் பாடுகிறது

சோதிக்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். இரண்டு அறைக்கும் நடுவில் வாசற்படியில் நின்றுகொண்டு, குழுவில் ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம் போடுங்கள். பாட்டில் மறைந்துவிடும் இடைவெளி மிருதங்கத்தில் மறையாது. ஒவ்வொரு அடியும் ஒன்றாக விழுந்தால் நேரம் சரி. இரண்டிரண்டாக விழுந்தால் எந்தப் பக்கம் பின்தங்குகிறது என்பதும் காதுக்கே தெரியும்.

வீடு நீளமாக இருந்தால் ஒன்றை மனதில் வையுங்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் உங்களுக்கு 29 மில்லி செகண்ட் தாமதமாகத்தான் வந்து சேரும். ஒரு கோடியில் நின்றுகொண்டு இன்னொரு கோடியைக் கேட்டால் வரும் அந்தச் சின்ன இடைவெளியை எந்த செட்டிங்காலும் போக்க முடியாது. நடுவில் நின்றுதான் சோதிக்க வேண்டும்.

நடுவில் நின்றும் அடி இரட்டையாக விழுகிறது என்றால்:

பாட்டை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். தொடங்கும்போது நழுவிய நேரம் பெரும்பாலும் இதிலேயே சேர்ந்துவிடும்.

பின்தங்குவது ஆக்ஸ் கேபிளில் ஆம்ப்ளிஃபையரோடோ சவுண்ட்பாரோடோ இணைத்ததா? அப்படியானால் தாமதம் அந்த ஆம்ப்ளிஃபையருக்குள் நடக்கிறது. 'சரவுண்ட்', 'மூவி' போன்ற மோடுகளை அணைத்து 'டைரக்ட்' அல்லது 'ஸ்டீரியோ' வையுங்கள். கூகுள் ஹோம் ஆப்பில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஆடியோ செட்டிங்கிலும் 'குரூப் டிலே கரெக்‌ஷன்' உண்டு. மிருதங்கம் ஒன்றாக விழும்வரை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

இரண்டும் தனி ஸ்பீக்கர்கள்தான், ஆனாலும் பத்து நிமிடத்தில் நழுவுகிறது என்றால் அது வைஃபை நெரிசல். அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி: பாட்டு விட்டு விட்டு வருகிறது

ஒரே அறையில் மட்டும் விட்டுவிட்டு வந்தால் அந்த இடத்துச் சிக்னல்தான். எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் நின்றால் இணையம் அல்லது ரவுட்டர். முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். லாஃப்டில், டி.வி.க்குப் பின்னால், இரும்பு பீரோ மேல் இருந்தால் முதலில் இடத்தை மாற்றுங்கள். எங்கள் வீட்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டியதுமே வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை படுத்துவிடுகிறது. தூர அறை ஸ்பீக்கரை 2.4 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள், அது சுவரைத் தாண்டும். ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அவன், ப்ளூடூத் எல்லாம் அதே 2.4-இல்தான் இருக்கின்றன. சேனலை 1, 6, 11 என்ற மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதில் வையுங்கள். அனலைசர் ஆப்பே அதைக் காட்டிவிடும்.

குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் நின்றால் அந்த நேரத்தில் வீட்டில் என்ன ஓடுகிறது என்று கவனியுங்கள். மைக்ரோவேவ் ஓடும்போது சமையலறைப் பாட்டு திக்குகிறதென்றால் ஸ்பீக்கரை அதிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள்.

சத்தத்தைக் கூட்டும்போது மட்டும் ஸ்பீக்கரே அணைந்து மறுபடி எழுந்தால் அது அடாப்டர். பழைய மைக்ரோ யு.எஸ்.பி. டாட்டை ஏதோ ஒரு போன் சார்ஜரில் போட்டிருப்பீர்கள். கூட வந்த அடாப்டரையே போடுங்கள்.

இவ்வளவும் செய்தும் மாடிக்கு எட்டவில்லை என்றால் அப்போதுதான் பணம் செலவழிக்க வேண்டும். மெஷ் ரவுட்டரா (கேபிள் இல்லாமலே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பல ரவுட்டர்கள்), கேபிளா என்று கேட்டால் நான் கேபிளைத்தான் சொல்வேன். மாடிக்கு ஒரு கேட்6 லேன் கேபிள் இழுத்து, அங்கே ஆக்சஸ் பாயின்ட் வைத்தால் கான்கிரீட் தளம் ஒரு தடையே இல்லை. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், எந்த வீட்டுக்கும் அது போதும். சுவரில் பைப் போட இடமே இல்லாத வீட்டுக்கு மெஷ் சரி.

## அறிகுறி: சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று

வாய்ஸ் ஹிஸ்டரியைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். ஆங்கிலத்தில் அமைத்த ஸ்பீக்கர் தமிழ்ப் பெயரை ஆங்கிலச் சொல்லாகவே கேட்கப் பார்க்கும். 'மொட்டை மாடி' என்று பெயர் வைத்தேன், பத்துத் தடவையில் இரண்டு தடவைகூடச் சரியாகப் பதிவாகவில்லை. 'டெரஸ்' என்று மாற்றியதும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. 'ஹால்', 'கிச்சன்' சிக்கல் தராது. அம்மாவின் அறைக்கு 'அம்மா ரூம்' என்பது எங்களுக்கு வேலை செய்கிறது. வீட்டில் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, எல்லோருடைய உச்சரிப்பிலும் சரியாகப் பதிவாகும் பெயரை வையுங்கள். முக்கியமாக, யார் அதிகம் பயன்படுத்துகிறார்களோ அவருடைய வாயில் எளிதாக வரும் பெயர்.

இன்னொரு முக்கியமான காரணம், ஒரே பெயர் பல இடத்தில் இருப்பது. அறையின் பெயர் 'ஹால்', ஸ்பீக்கர் 'ஹால் எக்கோ', குழு 'ஹால் மியூசிக்', விளக்கு 'ஹால் லைட்' என்று இருந்தால் 'ஹாலில் போடு' என்பதற்கு அது எதை எடுக்கும்? குழுவுக்கு அறைப் பெயரே இல்லாத சொல் வையுங்கள். எங்கள் குழுக்கள் 'டவுன்ஸ்டேர்ஸ்', 'அப்ஸ்டேர்ஸ்' என்ற இரண்டுதான். மொத்த வீட்டுக்கும் அலெக்ஸாவில் 'எவ்ரிவேர்' இருக்கிறது.

## அறிகுறி: ஓர் அறையில்தான் சத்தம் குறைகிறது

இது பழுதே இல்லை. அலெக்ஸாவிடம் 'வால்யூம் 3' என்று சொன்னால் கேட்ட ஸ்பீக்கரில் மட்டும் குறையும். எல்லாவற்றிலும் குறைய, 'செட் வால்யூம் டு 3 ஆன் டவுன்ஸ்டேர்ஸ்' என்று குழுவின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழுவில் இல்லாத அறையிலிருந்து நிறுத்துவதற்கும் அப்படித்தான், 'ஸ்டாப் ஆன் டவுன்ஸ்டேர்ஸ்'. அம்மாவுக்கு இந்த இரண்டு வரியையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

## அறிகுறி: இங்கே ஒரு பாட்டு போட்டால் அங்கே நின்றுவிடுகிறது

ஸ்பீக்கரைத் தொட வேண்டாம், இது பாட்டுச் சந்தா. ஒரு தனிநபர் சந்தாவில் ஒரே நேரத்தில் ஒரு பாட்டுதான் ஓடும். ஐந்து அறை ஒரே குழுவாக ஒரே பாட்டைப் பாடினால் அது ஒன்றாகத்தான் கணக்கு. அறைக்கு ஒரு பாட்டு வேண்டுமென்றால் குடும்பச் சந்தா வேண்டும்.

## அறிகுறி: கரண்ட் போய் வந்தபின் எதுவும் பேசவில்லை

ஸ்பீக்கர் எழுந்த பிறகுதான் ரவுட்டர் எழுகிறது, அதனால் வருவது இது. பத்து நிமிடம் காத்திருந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முதலில் ஃபைபர் பெட்டியை மட்டும் போடுங்கள். அதில் 'பான்' (PON) விளக்கு நிலையாக எரியும்வரை பொறுங்கள். 'எல்.ஓ.எஸ்.' (LOS) விளக்கு சிவப்பாக மின்னினால் அங்கேயே நிறுத்தி நெட்காரரைக் கூப்பிடுங்கள், அது வெளியே ஃபைபரில் உள்ள பழுது. விளக்கு சரியாக இருந்தால் ரவுட்டர், மூன்று நிமிடம் கழித்து ஸ்பீக்கர்கள்.

அடிக்கடி கரண்ட் போகிற ஊர் என்றால் ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு 12 வோல்ட் ரவுட்டர் யு.பி.எஸ். கிடைக்கிறது. வாங்குமுன் உங்கள் ரவுட்டர் அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

நெட்காரர்: எல்.ஓ.எஸ். சிவப்பு, அல்லது ரவுட்டரின் உள் செட்டிங்ஸ் உங்களுக்குத் திறக்கப்படாமல் இருந்தால். வருபவரிடம் 'நெட் ஸ்லோ' என்று சொல்லாதீர்கள், வேகத்தை அளந்து காட்டிவிட்டுப் போய்விடுவார். 'ஏ.பி. ஐசொலேஷனை அணைக்க வேண்டும்', 'இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்ற வேண்டும்' என்று வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

எலெக்ட்ரிஷியன்: ஸ்பீக்கர் போட்ட பிளக் பாயின்ட் சூடாகிறது, பொறி பறக்கிறது, ஸ்விட்ச் போட்டால் மற்றவையும் அணைந்து எழுகின்றன என்றால் உடனே. லேன் கேபிளுக்குச் சுவர் குடைவதும் அவர் வேலைதான். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளையும் விட ஒப்புக்கொள்ளாதீர்கள், தனிப் பைப் கேளுங்கள்.

சர்வீஸ்: சந்தேகமான ஸ்பீக்கரையும் நன்றாக ஓடும் ஒன்றையும் இடம் மாற்றி, அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள். கோளாறு அந்த ஸ்பீக்கரோடு கூடவே வந்தால், ரீசெட்டுக்கு அப்போதுதான் முறை. அதற்கும் அடங்கவில்லை என்றால் வாரன்டி தேதியைப் பார்த்து மாற்றக் கொடுங்கள்.

நெட் இணைப்பை மாற்றும் நாளில், புதிய ரவுட்டரில் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் அப்படியே வைக்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு வகையும் பழையதேயாக இருந்தால் வீட்டு ஸ்பீக்கர் எல்லாம் தானாக இணைந்துகொள்ளும். பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன்.